தவக்காலத்தில் பதில் வராது

உலு திராம்
2 மார்ச்

அன்புள்ள மிஷேல் அக்காவுக்கு,

உறைமேல், கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ மிஷேல்தான், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று கடிதம் தொடங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். இன்றைக்கு முதல் பாதி எழுத வரவில்லை. நீ நலமா?

தவக்காலத்தில் உங்கள் மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் வாங்கி மேசைக்குள் வைத்துவிடுவார், ஈஸ்டர் அன்றைக்குத்தான் கையில் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக அந்த மதிலுக்குள் இருக்கிறாய், உங்கள் சட்டமெல்லாம் எனக்கே மனப்பாடம். தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது (இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நான் அப்படிச் சொல்லக்கூடாது). ஆனால் சொன்ன கையோடு எதிர்ப்பேச்சு கேட்க எனக்குத் தெம்பில்லை. நீ பதில் போட முடியாத நாளாகப் பார்த்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

பாஸ்கல் ஜனவரி பன்னிரண்டில் பிறந்தான் என்று எழுதினேன், படமும் அனுப்பினேன். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாரும் எழுதவில்லை. நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து எனக்குக் கால் வீங்கியது. படுத்தால் இருமல், மூச்சு முட்டும். என் மாமியார் வினிஃப்ரெட் அம்மாவை உனக்குத் தெரியுமே, ஐந்து பெற்று வளர்த்தவர். பிள்ளை பெத்த உடம்புல காத்து ஏறிடுச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பூண்டும் மிளகுமாக ஆக்கிப் போட்டார். வயிற்றுக்கட்டை இன்னும் இறுக்கினார். அன்போடுதான் செய்தார், நானும் நம்பினேன். டாரில் விடிவதற்குள் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய்விடுவார், இருட்டித்தான் வருவார். எப்படி இருக்கு என்று கேட்டால் பரவாயில்லை என்பேன்.

இருபதாம் நாள் கிளினிக் நர்ஸ் சாந்தினி மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் தொப்புளைப் பார்த்து, எடை போட்டுவிட்டுப் போகிற கடைசி விசிட் அது. சுவரோரம் நாலு தலையணை அடுக்கியிருந்ததைப் பார்த்து, இது எதுக்குக்கா என்று கேட்டார். படுக்க முடியல மிஸ்ஸி, உக்காந்துதான் தூங்குறேன் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். என் மாமியார் பதறிப்போய், என்னா மிஸ்ஸி, பூண்டு குடுத்தாச்சு லா என்று பின்னாலேயே சுற்றினார்.

பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள். பிள்ளைப்பேற்றால் இருதயம் வீங்கிவிட்டதாம், சில பெண்களுக்கு அப்படி வருமாம். நூற்றில் அறுபது பங்கு இரத்தத்தைத் தள்ளவேண்டிய இருதயம் இருபத்தெட்டுத்தான் தள்ளுகிறது என்றார்கள். கொடுக்கிற மருந்துக்காகப் பாலை நிறுத்தினார்கள். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டில் பெண் பால் கொடுப்பதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

உங்கள் அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை, அம்மா காய்ச்சலில் இறந்தார் என்று சொல்லிவிட்டேன். நமக்கு அப்படித்தானே சொல்லி வைத்திருந்தார்கள். மறுநாள் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் நாம் வளர்ந்த ரெங்கத்து வீடு நினைவுக்கு வந்தது. தம்பி பிறந்த பிறகு அம்மா படுக்கவே இல்லை, அக்கா. துணி அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. அவள் சரியும்போதெல்லாம் நீ அலமாரிக்கும் அவளுக்கும் நடுவே உட்கார்ந்து முட்டுக் கொடுப்பாய். அவள் முதுகு உன் மார்பில் இருக்கும். தம்பி முதலில் போனான், அடுத்த வாரம் அவள் போனாள். காய்ச்சல் எங்கே இருந்தது? நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவள் கை ஜில்லென்று இருந்தது.

அதை டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். இது சில குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வருவதுண்டு என்றார். அந்தக் காகிதத்தில் இனி அம்மா காய்ச்சலில் இறக்கவில்லை.

போன வாரம் செக்கப்புக்குப் போனேன். அந்த டாக்டர் மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். நோன்பில் அவர் உதடு காய்ந்திருந்தது. இன்னொரு பிள்ளை உண்டானால் உங்களைக் காப்பாற்றுவேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று நேராகவே சொன்னார். வழக்கமான கருத்தடை மாத்திரை எனக்கு ஆகாது, இரத்தம் கட்டிவிடும். கருக்குழாய் கட்டுவதென்றால் இந்த இருதயத்தோடு மயக்கம் கொடுக்கவேண்டும், இப்போது அது வேண்டாம் என்றார். மிச்சம் இருப்பது கையில் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் குச்சி, இல்லாவிட்டால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப். யோசித்து வாருங்கள், ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வேறு யாராவது கேட்கலாம், கருத்தடை பாவம் என்று சபை சொல்வது தெரிந்த நீ கேட்கமாட்டாய். டாரில் எங்கள் பங்குக் கோயிலில் நற்கருணை கொடுக்கிறவர். அதோடு, திருமணத் தயாரிப்பு வகுப்பில், நாள் பார்த்து விலகியிருக்கும் இயற்கை முறையைப் பற்றிப் பேசுகிற தம்பதி நாங்கள்தான், ஐந்து வருடமாக. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சீனன் கடைக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் நான் உடம்புச் சூடு பார்த்துச் சொல்வேன், அவர் அதில் எழுதிச் சிவப்போ பச்சையோ புள்ளி வைப்பார். சின்னவள் ஜொவிட்டாவுக்குப் பிறகு ஐந்து வருடம் ஒரு பிசகும் இல்லை.

பிறகு பாஸ்கல் எப்படி வந்தான் என்று கேள். போன வருடத் தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் செய்வது என்று பேசும்போது, நாற்பது நாளும் விலகி இருப்போம் என்றார் டாரில். இறைச்சியோடு அதையும் விட்டோம். விலகி இருக்கிறவர்களுக்குச் சூடு பார்ப்பது எதற்கு என்று தெர்மாமீட்டரை நான் மேசைக்குள் போட்டேன். ஈஸ்டர் முடிந்த வாரம் அவர் பழைய மாதத்துப் புள்ளிகளைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். சேஃப் என்றார். எங்களைப்போல் பக்தியாகத் தப்புக்கணக்குப் போட்டவர்கள் இந்த ஜொகூரில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். பங்கில் எல்லாரும் ஈஸ்டர் பரிசு, ஈஸ்டர் பரிசு என்று கையைக் குலுக்கினார்கள். பாஸ்கல் என்றால் ஈஸ்டருக்குரியவன், அந்தப் பெயரே பாதர் வைத்ததுதான்.

முறை தப்பில்ல, நாமதான் எழுதாம விட்டுட்டோம், இனிமே ஒரு நாளும் விடமாட்டேன் என்கிறார் டாரில். புதுக் காலண்டரை மாட்டி, பேனாவைக்கூட நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் மாதவிலக்கே வரவில்லை, எதை வைத்துப் புள்ளி வைப்பார்? இந்த இருதயத்துக்கு ஒரு தப்புப் புள்ளி போதுமே, அக்கா.

இந்தத் தவக்காலமும் விலகித்தான் இருக்கிறோம், என் உடம்புக்காகவும். ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி. அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். எனக்காக வேண்டிக்கொள். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் வேண்டிக்கொள்.

உன் பாசமுள்ள தங்கை,
ஜாக்லின்


உலு திராம்
19 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் நான்தான். முதல் கடிதத்துக்குமேல் இதையும் மதர் அடுக்கி வைப்பார். தேதி பார்த்துப் படி.

நாளை மறுநாள் நோன்புப் பெருநாள். சிங்கப்பூர்ப் பாலத்தில், காஸ்வே நெரிசலில் டாரில் நேற்று மூன்று மணி நேரம் நின்று வந்தார். எனக்கு வீக்கம் வடிந்திருக்கிறது, நாலு தலையணை இரண்டாகியிருக்கிறது. மூத்தவன் கென்னத் கணக்கில் தேறிவிட்டான், அவன் அப்பாவைப்போல் இல்லை. ஜொவிட்டாவுக்கு முன்பல் விழுந்தது. மிஷேல் பெரியம்மாவுக்கு அனுப்பணும் என்று ஒரே பிடிவாதம். மடத்துக்குப் பல்லை அனுப்பினால் புனிதர் எலும்புபோல் திருப்பண்டம் என்று பேழையில் வைத்துவிடுவார்கள், அப்புறம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமண வகுப்பு. டாரில் தனியாகப் போகட்டும் என்று இருந்தேன். நீயும் வா, பிள்ளையையும் தூக்கிட்டு வா, பார்த்தா சந்தோஷப்படுவாங்க என்றார். போனேன். பதினோரு ஜோடி வந்திருந்தார்கள். டாரில் வழக்கம்போல் வெள்ளைப் பலகையில் மாதத்தைக் கட்டம் போட்டு விளக்கினார். அவர் நன்றாகப் பேசுவார், அக்கா. நம்பிப் பேசுகிறவர் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கும். முடிவில் ஒரு பெண் எழுந்தாள். சந்திரமதி என்று பெயர், இந்துப் பெண், நம் பையன் ஒருவனைக் கட்டப்போகிறாள். அங்கிள், இது தப்பிப்போச்சுன்னா என்னா ஆகும் என்று கேட்டாள். டாரில் சிரித்துக்கொண்டே என் மடியிலிருந்து பாஸ்கலை எடுத்து உயர்த்திக் காட்டினார். தப்பிப்போச்சுன்னா இந்த மாதிரி ஒரு பரிசு கிடைக்கும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்த வாட்டி தப்பினதுல நான் செத்துப் பொழைச்சேன், அடுத்த வாட்டி தப்பினா பொழைக்கமாட்டேன் என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். பாதர் தாடியைத் தடவிக்கொண்டே, தேத்தண்ணியும் கறிபாப்பும் ரெடி, எல்லாரும் வாங்க என்றார்.

டாரில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை, வெட்கம். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் யோசிச்சுட்டேன், இனிமே நாம அண்ணன் தங்கச்சி மாதிரி இருந்துருவோம், சாகுற வரைக்கும், உன் உயிருக்கும் ஆபத்தில்ல, நமக்கும் பாவமில்ல என்றார். கண் நிறைந்திருந்தது. எழுந்து போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு கென்னத் அறைக்குப் போய்விட்டார். அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. முப்பத்தாறு வயது மனிதர், எனக்காகத் தன்னை அறுத்து வைக்கத் தயாராக இருக்கிறார்.

நான்தான் தயாராக இல்லை. உனக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு என் புருஷன் வேண்டும், அக்கா. பதினொரு வருடமாக அவர் கை என்மேல் கிடக்கத் தூங்கிப் பழகிவிட்டேன். உயிரோடு இருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் நினைத்தேன், வீட்டுக்கு வந்தபின் அது போதவில்லை. பேராசை என்று நினைப்பாயோ? அண்ணன் தங்கச்சி என்பது எத்தனை நாள் நிற்கும் என்றும் எனக்குத் தெரியும். நாற்பது நாள் விலகியிருந்ததற்கே பாஸ்கல் சாட்சி.

நீ இதையெல்லாம் விட்டுவிட்டுப் போனாய். யாரும் உன்னை விடச் சொல்லவில்லை, நீயாகப் போனாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தேவன் அழைத்துத்தான் போனாயா, இல்லை அந்த அலமாரிக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த மாதம் உன்னை அனுப்பியதா? மன்னித்துக்கொள். கேட்டுவிட்டேன்.

நேற்று கிளினிக்கில் சாந்தினி மிஸ்ஸியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். லூப்பில் செம்பு சுற்றியது ஒன்று, மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது ஒன்று. செம்பு வைத்தால் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம், எனக்கு இரத்தம் ஏற்கெனவே குறைவு, அதனால் அது வேண்டாம் என்று முடிவானது. மருந்துள்ளது வைத்தால் முதல் சில மாதம் கண்ட நாளில் திட்டுத்திட்டாகப் படும், பிறகு குறைந்துவிடும். எப்போதாவது யாருக்காவது நழுவி விழுந்துவிடும், முதல் வாரங்களில் கிருமி சேரலாம், வைக்கும்போது கர்ப்பப்பையில் குத்திவிடுவதும் அபூர்வமாக உண்டு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வைக்கிற நேரத்தில் சிலருக்கு நாடி திடீரென்று இறங்கிவிடும். என் இருதயத்துக்கு அது ஆகாது, அதனால் கிளினிக்கில் வேண்டாம், பெரியாஸ்பத்திரியில் மெஷின் மாட்டித்தான் வைக்கவேண்டும் என்றார். கையில் வைக்கும் குச்சியும் இதே அளவு காக்குமாம். ஆனால் டாரில் என் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் அதைத் தடவிப் பார்க்கும். அது எனக்கு வேண்டாம்.

உண்டான உயிரைக் கொல்லுமா மிஸ்ஸி என்று கேட்டேன். மிஸ்ஸி தானாகப் பதில் சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போனார். பெரும்பாலும் உண்டாகவே விடாது, விந்து போய்ச் சேரமுடியாதபடி தடுத்துவிடும் என்றார் அவர். எப்போதுமே அப்படித்தானா என்றேன். பெரும்பாலும் என்றுதான் என்னால் சொல்லமுடியும் என்றார். பொய் சொல்லாதவர் என்று அவர்மேல் மரியாதை வந்தது. ஆனால் அந்தப் பெரும்பாலும் என்கிற வார்த்தை நேற்றிலிருந்து என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது.

ஒரு நல்லது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாமாம். புருஷன் கையெழுத்து வேண்டாம், என் கையெழுத்தே போதும் என்றார்கள். டாரிலுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். பங்கில் அப்படி வைத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா? வகுப்பு முடிந்து பாத்திரம் கழுவும்போது காதோடு சொல்லியிருக்கிறார்கள். என்னால் அது முடியாது.

பெருநாள் கூட்டம் முடிந்து கிடைத்த தேதியை மிஸ்ஸி கார்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஏப்ரல் மூன்று, காலை ஒன்பது மணி. பெரிய வெள்ளி, அக்கா. இங்கே அன்றைக்கு லீவு கிடையாதே, ஆஸ்பத்திரி வழக்கம்போல் நடக்கும். சிங்கப்பூரில் லீவு, டாரில் வீட்டில் இருப்பார். அதே ஒன்பது மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை நடத்துவதும் அவர்தான். போன் பண்ணி வேறு நாள் கேட்டேன், மே மாதக் கடைசி என்றார்கள்.

அவர் கையால் சிலுவைப்பாதை 9 என்று எழுதியிருக்கிற கட்டத்துக்குமேல் அந்தக் கார்டைக் குத்தி வைத்தேன். இன்று காலையில் அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகலாமா கூடாதா என்று நான் இன்னும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன்.

உன் தங்கை,
ஜாக்லின்


உலு திராம்
6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இந்நேரம் முந்தின இரண்டையும் படித்திருப்பாய். இது மூன்றாவது, இதைப் பிரிக்கும்போது உட்கார்ந்துகொள்.

போனேன். வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் வரைக்கும் முடிவு செய்யவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஜொவிட்டா வரவேற்பறையில் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பொம்மையைச் சுவரோரம் உட்கார வைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்திருந்தாள். அம்மான்னா அப்படித்தான் தூங்குவாங்க என்று கென்னத்துக்குப் பாடம் நடத்தினாள். எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு டாரில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிலுவைப்பாதைப் புத்தகத்தை எடுத்தார். கேட்டருகே நின்று, மாத்திரை போட்டியா என்று கேட்டார். போட்டேன் என்றேன். மாமியாரையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பாஸ்கலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் கிராப் டாக்சி பிடித்துப் போனேன். பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி, ஒரு வேளை நோன்பு. மருந்து சாப்பிடுகிறவளுக்கு ஒருசந்தி கிடையாது என்று பாதரே சொல்லியிருந்தார், ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கையில் ஊசிக்குழாய் ஏற்றி, நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். அந்தப் பொருளைக் காட்டினார் டாக்டர். தீக்குச்சியைவிடச் சின்னது, வெள்ளையாக, இரண்டு கை விரித்தபடி. அன்றைய நாளுக்கு அது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இறுக்கிப் பிடித்தாற்போல் ஒரு வலி வந்தது, பொறுத்துக்கொண்டேன். அதன்பிறகுதான் மெஷின் சத்தம் மெதுவானது. டாக்டரின் குரல் தூரமாகப் போனது. யாரோ ஊசி ஊசி என்று மலாயில் கத்தினார்கள். நான் சரிகிறேன் என்று தெரிந்தது, பின்னாலிருந்து யாரோ என் இரண்டு தோளையும் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார்கள். நீ என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒரு வயதான மிஸ்ஸி. பெயர்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாடி ஏறிவிட்டது. படுக்க வைத்தார்கள். உங்க சுவாமி வெளியே நிக்கிறார் என்று ஒரு மிஸ்ஸி வந்து சொன்னார். மலாயில் சுவாமி என்றால் புருஷன் என்று இத்தனை வருடம் கேட்டுப் பழகியவள்தான், அன்றைக்கு ஒரு கணம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பதினாலு நிலையில எந்த நிலையில விட்டுட்டு வந்தீங்க என்று கேட்டேன். அஞ்சாவது என்றார். சீமோன் என்பவனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கும் இடம். வாசிக்க வாய் வரல, புத்தகத்தைக் கூட நின்ன கமலநாதன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன் என்றார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. காரில் வரும்போது, இது தப்புன்னுதான் ஜாக்லின் நான் இன்னும் நினைக்கிறேன், ஆனா உன்னைத் தனியா விட முடியல என்றார். எனக்கு அது போதவில்லை, அக்கா. சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று வீடு வரும்வரை காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நினைக்காததைச் சொல்லத் தெரியாத மனிதரைத்தானே கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில், நற்கருணை கொடுக்கப் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியைத் தானே துவைத்து, தேய்த்து மடித்தார். வகுப்பு ஃபைலையும் அதனோடு பையில் வைத்துப் பாதரிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை. அலமாரியில் வெறும் ஹேங்கரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாதர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வேண்டிக்கிறேன்னார் என்றார்.

நேற்று ஈஸ்டர் பூசை. எங்கள் வரிசை நற்கருணை வாங்க எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். சபை பாவம் என்பதைச் செய்தவள் வாங்கக்கூடாது, அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். டாரிலும் எழவில்லை. மற்றவர்கள் கடந்து போக இரண்டு முட்டியையும் ஒடுக்கி வழி விட்டார். போகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக அவர் கையில் நற்கருணை வாங்கியவர்கள். ஜொவிட்டா, அப்பா நீங்க குடுக்கலையா என்று உரக்கக் கேட்டாள். அவர் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் பாவம் செய்ததற்காக அழவில்லை, அக்கா, அந்த முட்டியைப் பார்த்துத்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சமையலறையில் உட்கார்ந்து, என் மவன் கோயில்ல உக்காந்துட்டானே என்று ஒரு பாட்டம் அழுதார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்துகொண்டார். மத்தியானம் எல்லாருக்கும் கோழிக்கறி வைத்தார். எனக்கு மட்டும் உப்பில்லாமல் தனிச் சட்டியில் ஆக்கியதைத் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

டாரிலின் தலையணை இன்னும் கென்னத் அறையில்தான் இருக்கிறது. எதற்காக இதைச் செய்தேனோ அது கிடைக்குமா என்றே தெரியவில்லை. நான் போய் அதை எடுத்து வரலாம். அவராக எடுத்து வரட்டும் என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே இருதயத்தையும் ஸ்கேன் பண்ணினார்கள். இருபத்தெட்டு முப்பத்தொன்று ஆகியிருக்கிறது. நல்லதா என்று கேட்டேன். கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னார் டாக்டர். சிலருக்குத் தேறிவிடும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்கு இறங்கும், இன்னும் ஒரு வருடம் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார். லூப் இன்னொரு பிள்ளையைத்தான் தடுக்கும், இருக்கிற இருதயத்தை அது ஒன்றும் செய்யாது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

நான் செய்தது பாவமா என்று எழுதாதே. சபை என்ன சொல்கிறது என்று வருடத்துக்கு நாலு முறை மேடை ஏறிச் சொன்னவள் நான். அம்மா சரிந்தபோது உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று எழுது. அவளுக்கும் யாராவது ஒரு மிஸ்ஸி, இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தாளா? உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது. ஒன்றும் தெரியாது என்றால் அதையும் எழுது.

டாரிலுக்காக வேண்டிக்கொள். அவர் இழந்தது என்னைவிட அதிகம், அதைச் சொல்லிக்காட்டவும் அவருக்குத் தெரியாது.

ஜொவிட்டாவின் பல்லைக் காகிதத்தில் சுற்றி இதனோடு வைத்திருக்கிறேன், கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். தாயிடமிருந்து மகளுக்கு என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கட்டும். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, என்றைக்காவது கால் வீங்குகிறது, படுக்க முடியவில்லை என்று உனக்கு எழுதினால், அன்றைக்கே பதில் போடு அக்கா. தவக்காலமாக இருந்தாலும் போடு.

உன் தங்கை,
ஜாக்லின்